எங்கள் கிணறுகளை எந்த அலுமாரியில் வைப்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சுநடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கேட்டவர்கள் "வெளிநாட்டில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கோ" என்றார்கள். உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்னேரங்களில் சம்பளமில்லாமல் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பதினான்கு வருடம் ஒரு சிறிய புவிச்சரிதவியற் சங்கத்தின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டேன். புவியியல் வேறு, புவிச்சரிதவியல் வேறு என்று உயர்தர வகுப்பில் எங்களுக்கு முதல் நாளே ரீச்சர் சொல்லித் தந்தவர். ஒன்று நிலத்தின் மேல், மற்றது நிலத்தின் கீழ் என்று அன்றைக்கு எழுதிக்கொண்டோம். அது முழுவதும் சரியில்லை. ஆனால் தொடங்கப் போதும்.

நாங்கள் குடியிருந்தது இலண்டனுக்குத் தெற்கே, நோர்த் டவுன்ஸ் என்னும் குன்றுத்தொடரின் அடிவாரத்தில். அந்தக் குன்று முழுவதும் சோக் என்னும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பாறைக்குள் இறங்கி வெடிப்புகளில் ஓடும். கிணறு தோண்டி எடுத்துக் குடிப்பார்கள். யாழ்ப்பாணத்தாளுக்கு இதைவிடப் பழக்கமான நிலம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் அந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். அறுபது பேர் வரை அங்கத்தவர்கள். ஓய்வுபெற்ற பொறியியலாளர், தபாற்காரர், ஒரு பல் வைத்தியர். அந்த நாட்டில் இப்படி ஊருக்கூர் சங்கம் உண்டு. 1858 இல் தொடங்கிய புவிச்சரிதவியலாளர் கழகம் இந்த ஆர்வலர்களுக்காகவே உண்டானது. அது தொடக்கத்திலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதைவிட மூத்த, பெரிய அறிஞர்களின் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கம் 1807 இல் தொடங்கி, பெண்களை அங்கத்தவராக ஏற்க 1919 வரை எடுத்தது. பெண்கள் கல்லூரியில் நின்று பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நூலகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதேயுங்கோ. தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஆறு அலுமாரி, அவ்வளவுதான். இரண்டு தட்டுகள் நடுவில் வளைந்து போயிருந்தன. அங்கத்தவர்கள் களப்பயணத்தில் எடுத்த கல்லையெல்லாம் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் முதலில் செய்த வேலை கல்லுகளை இறக்கி நிலத்தில் வைத்ததுதான்.

அடுத்தது வேண்டாததைக் கழிப்பது. சேர்ப்பதைவிட அது கடினம். யாராவது வீடு மாறினால் மஞ்சள் கரை போட்ட ஒரு பிரபல மாத சஞ்சிகையை நாற்பது வருடத்துக்குக் கட்டிக்கொண்டு வருவார்கள். வழுவழுப்பான இரத்தினக்கல் படப்புத்தகங்கள் வரும். ஒரே பாடநூல் ஐந்து படி வரும். நன்றியோடு வாங்கி, மிகுதியை வருடாந்தக் கூட்டத்தில் விற்று, அந்தக் காசுக்குப் படங்களை மடிப்பில்லாமல் வைக்கும் இழுப்பறை வாங்கினோம். நிலவரைபடத்தை மடித்தால் மடிப்பில்தான் முதலில் கிழியும். எங்களுக்குத் தேவையான இடம் எப்போதும் அந்த மடிப்பில்தான் இருக்கும்.

எதை வைத்திருப்பது என்பதற்கு மெல்ல மெல்ல ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். இது எங்களிடம் இல்லாவிட்டால் வேறெங்காவது கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அவசரமில்லை. கிடைக்காது என்றால், அட்டை இல்லாத கொப்பியானாலும் அதற்குத்தான் முதல் தட்டு.

இந்தக் கேள்வியின் பெறுமதியைக் காட்டியது ஒரு பழைய நூல். வில்லியம் விற்றேக்கர் என்பவர் அந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவர். கென்ற் பகுதியின் நீர்வளம் பற்றி 1908 இலும், சறே பகுதியின் நீர்வளம் பற்றி 1912 இலும் அவர் எழுதியவை வெளிவந்தன. இரவில் எடுத்து வாசிக்கக்கூடிய புத்தகமில்லை. பக்கம் பக்கமாகக் கிணறுகள். இன்ன ஊர், இன்ன தோட்டம், மேல்மண் இத்தனை அடி, களி இத்தனை அடி, பிறகு சோக், நீர் நின்ற மட்டம் இது. நூறு வருடத்துக்கு முன் கிணறு வெட்டியவர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டுத் திரட்டியது. அந்தக் கிணறுகளில் பலவற்றின் மேல் இப்போது வீடும் வீதியும். அங்கே பாறையைப் பார்க்க இனி முடியாது. வெட்டிய அன்றைக்குப் பார்த்தவன் சொன்னதுதான் மிச்சம்.

களப்பயண அறிக்கைகளும் அப்படியே. சனிக்கிழமை போய்ப் பார்த்ததை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் நின்ற கல்லுக்கிடங்கு குப்பையால் நிரப்பப்பட்டிருக்கும். புகையிரதப் பாதைக்கு வெட்டிய சரிவு பற்றை மூடியிருக்கும். புதிய நிலவரைபடம் வந்தவுடன் பழையதைக் கழிக்கச் சொன்ன செயற்குழுவோடு நான் ஒரு மாதம் கதையாமல் இருந்தேன். பழைய படத்தில்தான் அந்தக் கிடங்குகள் எங்கே இருந்தன என்று தெரியும்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒரு பிழை விட்டேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த உரைக்கு அர்த்தமில்லை.

எங்கள் அங்கத்தவர் ஒருவர் காலமானார். நீர்க்குழாய் தாழ்க்கும் வேலை மேற்பார்வை செய்தவர். கூட்டங்களில் வாய் திறக்காத மனிதர். அவருடைய மகள் தொலைபேசியில், "அப்பாவின் குறிப்புக் கொப்பிகள் மூன்று பெட்டி இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டா. நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பென்சில் எழுத்து, சேறு படிந்த தாள், தெருப் பெயர், அடிக்கணக்கு. அந்த வாரம் எங்கள் அலுமாரியில் இடமில்லை. "பிறகு பார்ப்போம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு புதிய குடியிருப்பில் வீட்டு முற்றம் ஒன்று திடீரென உள்ளே இறங்கியது. சோக் பாறையை மழைநீர் கரைத்து, குழாய் போலப் பள்ளமாக்கி, அதில் மண் நிரம்பி நிற்கும்; என்றோ ஒருநாள் மண் கீழே போகும். அந்தத் தெருவில் முன்பு குழாய்க்கு வெட்டியபோது என்ன கண்டார்கள் என்று ஒருவர் எங்களிடம் கேட்டு வந்தார். எனக்கு உடனே அந்தப் பெட்டிகள் நினைவு வந்தன. மகளுக்கு எடுத்தேன். வீட்டை விற்றபோது எறிந்துவிட்டேன் என்றா. அவவில் பிழையில்லை. வேண்டாம் என்று சொல்லாமல் சொன்னது நான்.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பவில்லை. என் கணவர்தான் பாவம், எங்கள் வீட்டுக் கார்க் கொட்டில் நிறைந்துபோனது.

இனி ஊருக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தில் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் காலாண்டுச் சஞ்சிகை பழைய தொகுதிகள் ஒரு சுவர் நிறைய இருந்தன. இப்போது கணினியில் கிடைக்கிறது, கழித்துவிடலாம் என்று முடிவாகியது. முடிவு சரிதான், நானும் கை உயர்த்தினேன். ஆனால் அனுப்புமுன் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 1900 ஆம் ஆண்டுத் தொகுதியில் இலங்கைப் பாறைகளும் காரீயமும் பற்றி ஒரு கட்டுரை. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கலைப்புலவர் என்று நாங்கள் அறிந்தவர், இலங்கைக் கனிய அளவையின் முதல் பணிப்பாளராக இருந்தவர். 1923 ஆம் ஆண்டுத் தொகுதியில் வேலண்ட், டேவிஸ் இருவரும் எழுதிய 'இலங்கையின் மயோசீன்'. எங்கள் வடபகுதிச் சுண்ணாம்புக்கல்லும் அதன் உயிர்ச்சுவடுகளும் அதில் வருகின்றன. என் அம்மா உடுப்புத் தோய்த்த கல், கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடலடி என்று குளிர்கால இரவொன்றில் அந்தப் பின்னறையில் நின்று வாசித்தேன். அந்த ஒரு தொகுதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். அது இப்போது இங்கே இருக்கிறது.

கலாநிதி பி. ஜி. குரேயின் இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூலின் 1967 ஆம் ஆண்டு முதற்பதிப்பும் 1984 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பும் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்தேன். இரண்டும் வேண்டும். இவையெல்லாம் எப்படியும் கிடைக்கக்கூடியவை. கிடைக்காதவை எவை?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. எங்களுக்கு இருப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீர். அது உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்று நீங்களே பாருங்கோ. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சனம் பதறியபோது எல்லோரும் கேட்ட கேள்வி, நிலத்தின் கீழே நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. ஒவ்வொரு ஊரிலும் எந்த ஆழத்தில் கல் வந்தது, எங்கே பொந்து இருந்தது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்த்தது என்ற பழைய குறிப்புகள் அப்போது கையில் இருந்திருந்தால், பேச ஓர் அடிப்படையாவது இருந்திருக்கும். எங்களுக்கு ஒரு விற்றேக்கர் இல்லை. கிணறு வெட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி ஓரிடத்தில் சேர்க்கவில்லை. எழுதிய சிலவும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடுகளோடு போயின. 1981 இல் பொதுநூலகம் எரிந்ததைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதோடு என்னென்ன போயின என்று முழுவதும் சொல்ல இன்று எவராலும் முடியாது.

போன வருடம் நாங்கள் பதினொரு பேர், பெரும்பாலும் புவியியல் ஆசிரியைகள், ஒரு சிறு வட்டமாகச் சேர்ந்தோம். அதிபர் அவர்கள் பெரிய மனது பண்ணிப் புவியியல் அறையில் இரண்டு இரும்பு அலுமாரி தந்திருக்கிறா. மர அலுமாரி வேண்டாம் என்று நான்தான் கேட்டேன், கறையான் எங்களைவிட வேகமாக வாசிக்கும். புத்தகங்கள் ஒன்றரைத் தட்டு. மிகுதி வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பப் புத்தகம் அனுப்பாதேயுங்கோ. காசும் இப்போது வேண்டாம்.

எனக்கு வேண்டியது இது. 1973 இல் எங்கள் உயர்தர வகுப்பை ரீச்சர் நிலாவரைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். போத்தலில் ஈயம் கட்டி, தக்கையில் வேறு நூல் கட்டி, கயிற்றில் பாகத்துக்குப் பாகம் முடிச்சுப் போட்டு இறக்கினோம். குறித்த ஆழத்தில் நூலை இழுத்தால் தக்கை கழன்று அந்த ஆழத்து நீர் நிரம்பும். மேலே எடுத்தது நல்ல தண்ணீர், கீழே போகப் போக உவர். நாக்கில் விட்டுப் பார்த்து முகம் சுளித்தது நினைவிருக்கும். அடுத்த வாரம் கீரிமலை, பிறகு காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல் கிடங்கு. ஒவ்வொருவரும் கொப்பியில் ஆழமும் ருசியும் கல்லின் அடுக்கும் எழுதினோம், படம் கீறினோம். வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். என்னுடைய கொப்பி இல்லை. ரீச்சரும் இல்லை. ரொறன்ரோவிலோ சிட்னியிலோ நல்லூரிலோ ஒரு தகரப் பெட்டியில் இன்னொருத்தியின் கொப்பி இருக்கலாம். எழுத்துப்பிழைக்கு வெட்கப்படாதேயுங்கோ. அதேபோல் அப்பா கட்டுவித்த கிணற்றின் கணக்குக் கொப்பி, தோட்டக் கிணற்றின் இறைப்புக் குறிப்பு, குழாய்க்கிணறு அடித்தவர் தந்த துண்டு, கிணற்றுக்குள் நின்று எடுத்த படம், எதுவும் வரலாம். மூலத்தைப் பிரிய விருப்பமில்லாவிட்டால் ஸ்கான் பண்ணி அனுப்புங்கோ. ஆனால் ஊர், குறிச்சி, வருடம் மூன்றையும் கட்டாயம் எழுதுங்கோ. இடம் எழுதாத குறிப்பு எங்களுக்கு உதவாது. பதினான்கு வருடத்தில் அப்படி வந்த படங்கள் இரண்டு பெட்டி வைத்திருந்தேன். கடைசிவரை அவை எந்தக் கிடங்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சேர்க்கைப் பதிவேடு வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கே கொப்பி வேண்டாம். உங்கள் வீட்டுக் கிணறு எந்த ஊர், எத்தனை அடி, எத்தனையாவது அடியில் கல் வந்தது, மாரியில் எவ்வளவு தண்ணீர், கோடையில் எவ்வளவு, ருசி எப்படி. தெரிந்ததை மட்டும் எழுதுங்கோ, தெரியாததை வெறுமையாக விடுங்கோ. முதல் வரியில் என் அம்மா வீட்டுக் கிணற்றை எழுதியிருக்கிறேன். உரும்பிராய், முப்பத்திரண்டு அடி. கல் எந்த அடியில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே பின்வரிசையில் இருக்கும் என் சின்னம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தேநீர் குடிக்கும்போது கேட்டு எழுதுகிறேன்.