லேபிள் ஒட்டிய கைகளுக்கு அந்தப் படங்களில் பாத்தியதை இல்லையா?

(சிவகாசியில் அச்சுத் தொழிலாளர்களும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசிப் பழகிய மேடையில் இன்று படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். “அரிசி விற்கிற விலையில் படம் ஒரு கேடா?” என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இறங்கப் போவதில்லை.

எந்தப் படங்கள்? அரண்மனைச் சுவரில் தொங்கிய எண்ணெய்ச் சித்திரங்கள் அல்ல. தீப்பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள். பட்டாசுக் கட்டைச் சுற்றிய தாள். எழுத்துத் தெரியாதவரும் பார்த்துக் கேட்டு வாங்கும் அணிலும் சேவலும். குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, வருஷம் போன பிறகும் கழற்ற மனமில்லாமல் விட்டுவைத்த காலண்டர் லட்சுமி, காலண்டர் முருகன். ஆலையில் நூல் பண்டிலின் மேல் ஒட்டிய சீட்டு. காசு கொடுத்துச் சித்திரம் வாங்க வழியில்லாத வீடுகளுக்குக் கலை என்று போய்ச் சேர்ந்தது இதுதான். போனது இந்தக் கந்தக பூமியிலிருந்து.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்ததும், 1923-இல் இங்கே தொழில் தொடங்கியதும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டி பிறந்தால் அதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்காக வந்ததுதான் சிவகாசியின் அச்சு. முதலில் கல்லச்சு. கனத்த சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையுள்ள மையால் அதன் மேல் படத்தை இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைப் பிடிக்கும். கோடு மையைப் பிடிக்கும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல். நாலு வர்ணம் என்றால் தாள் நாலு தடவை மெஷினுக்குள் போய் வர வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் புலிக்கு இரண்டு மீசை முளைத்துவிடும்! அப்புறம் துத்தநாகத் தகடு வந்தது, ஆஃப்செட் வந்தது, இன்று கம்ப்யூட்டர். கல்லில் எழுதிய கை இனி இந்த ஊருக்குத் திரும்பி வராது.

எழுதியது யார்? கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையா ராஜு பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர், பிறகு காலண்டருக்குத் தெய்வப் படங்கள் எழுதினார். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களைத் தயாரித்தார். படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்ததால் இந்தச் சிலரின் பெயர் நின்றது. லேபிள் எழுதியவன் எங்கே கையெழுத்துப் போட்டான்? தாளை மெஷினுக்குள் ஊட்டியவன், வெட்டியவன், குரோஸ் கணக்குக் கூலிக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டிய தாய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிய குழந்தை, இவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் குழந்தைகளுக்காக 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

இந்தப் படங்கள் இன்று எங்கே கிடக்கின்றன? ஆடிப்பெருக்கு வந்தால் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள். ஏஜெண்டுகள் அதைச் சுமந்துகொண்டு தேசமெங்கும் ஆர்டர் பிடிக்கப் போகிறார்கள். சீசன் முடிந்தால் ஆல்பத்துக்கு என்ன மதிப்பு? எடைக்கு எடை. தீப்பெட்டி லேபிளோ, பெட்டி காலியானதும் குப்பைக்குப் போவதற்கென்றே பிறந்தது.

அடுத்தவர்கள் இதன் மதிப்பைக் கண்டுகொண்டார்கள். காஜ்ரி ஜெயின் என்ற ஆராய்ச்சியாளர் காலண்டர்ப் படங்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘தஸ்வீர் கர்’, அதாவது படங்களின் வீடு என்ற பெயரில், சுமதி ராமஸ்வாமி, கிறிஸ்டியானே புரோசியஸ், யூசுஃப் சயீத் ஆகிய மூவர் 2006-இல் இணையத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார்கள். தீப்பெட்டி லேபிள், துணி லேபிள், போஸ்டர், காலண்டர் ஆகியவை அடங்கிய பிரியா பால் என்பவரின் சேகரிப்பு, ஜெர்மனியில் ஹைடல்பெர்க் சர்வகலாசாலையின் உதவியோடு மின் பிரதியாகியிருக்கிறது. செய்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். நமக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லை. ஆனால் திருத்தங்கலில் ஒட்டிய தாளைப் பற்றிய விவரத்தை ஜெர்மனியில் எழுதிவைக்கிறபோது, ஒட்டியவளைக் கேட்டு எழுத அங்கே யார் இருக்கிறார்கள்?

பின்வரிசைத் தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். இயந்திரம் வந்து கையால் செய்யும் சின்னச் சின்னத் தீப்பெட்டி யூனிட்டுகள் எத்தனை மூடிப்போயின! சாத்தூரிலும் கழுகுமலையிலும் கேட்டுப் பாருங்கள். மூடிய யூனிட்டின் வருகைப் பதிவேடு எங்கே? சம்பளப் புத்தகம் எங்கே? பல இடங்களில் மிஞ்சியிருப்பது லேபிள் ஒன்றுதான். அதில் கம்பெனிப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பெட்டிக்கு எத்தனை குச்சி என்று இருக்கிறது, விலை இருக்கிறது. 2007-இல் ஒரு ரூபாயான பெட்டி 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாயாயிற்று. நடுவில் 14 வருஷம். அந்த 14 வருஷத்தில் பெட்டியின் விலைக்கும் ஒட்டுக்கூலிக்கும் என்ன உறவு என்று நாளை ஒருவர் கணக்கெடுக்க வேண்டுமானால் லேபிளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தோழரே, படம் என்று நினைக்காதீர்கள். நாம் செய்த வேலைக்கு இருக்கும் ரசீது என்று நினையுங்கள்.

சரி, யார் காப்பாற்றுவது? பணம் இருந்தால்தான் முடியும் என்பவர்களுக்கு நம் பக்கத்து ஜில்லாக்காரர் ஒருவரைக் காட்டுகிறோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. அந்த வருமானத்தில் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று லட்சம் பண்டங்கள் அளவுக்குச் சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அதை வாங்கிக் காப்பாற்ற நம் சர்க்கார் ஓடி வரவில்லை. 1994-இல் சிக்காகோ சர்வகலாசாலை வாங்கியது. நல்லவேளையாகக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். சேர்த்தது ஒரு பலகை எழுதும் தொழிலாளி. அதைக் கட்டிக்காக்க வந்தது கடல் கடந்த பணம்.

1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். உலகின் பல மூலைகளில் தமிழர்கள் வேலை முடிந்த ராத்திரிகளில் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யாரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். சம்பளமில்லாத தொண்டு. எழுத்தைத் தட்டச்சு செய்ய அது போதுமானதாக இருந்தது.

ஈழத்து அனுபவம் இன்னும் நெருக்கமானது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. பல ஏட்டுக்கும் இதழுக்கும் வேறு பிரதி உலகத்தில் இல்லை. 2005-இல் கோபிநாத், மயூரன் என்ற இரண்டு வாலிபர்களின் முயற்சியில் ‘நூலகம்’ என்ற மின் நூலகம் பிறந்தது. தொண்டர்களாகத் தொடங்கினார்கள். ஆனால் தொண்டோடு நிற்கவில்லை. பத்து வெள்ளையும் நூறு வெள்ளையும் அனுப்பிய புலம்பெயர்ந்த தமிழரின் நன்கொடையைச் சேர்த்து, 2010-இல் ஸ்தாபனமாகப் பதிவு செய்து, ஆள் வைத்து ஸ்கேன் செய்யும் நிலைக்கு வந்தார்கள். புத்தகம் மட்டுமல்ல, ஊர்த் திருவிழா மலரும் சங்க அறிக்கையும் துண்டுப் பிரசுரமும் அங்கே இருக்கின்றன.

‘தொண்டு’ என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். அழகான சொல். ஆனால் கூலி கொடுக்க மனமில்லாதவன் வாயிலும் அதே சொல்தான் வருகிறது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் வாலிபன் ராத்திரி இரண்டு மணி நேரம் ஸ்கேனர் முன் உட்காருவது தொண்டு. அதே பையனைப் பகல் முழுவதும் உட்காரவைத்து, “கலைக்குச் சேவை செய்கிறாய் தம்பி” என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது சுரண்டல். யூனியன் கூடவா அதைச் செய்வது?

ஆகவே செலவுக் கணக்கைத் திறந்து வைக்கிறோம். காலண்டரில் ஏ4 அளவுள்ள ஒரு தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், சுருக்காமல் வர்ணத்தில் எடுத்தால் ஏறத்தாழ 100 மெகாபைட் இடம் பிடிக்கும். 1,000 ஜிகாபைட் தட்டு ஒன்றில் இப்படிப் பத்தாயிரம் தாள்கூட அடங்காது. லேபிள் சின்னது, மூன்று மெகாபைட்டில் முடிந்துவிடும். தட்டு ஒன்று போதுமா? போதாது. அது சுற்றுகிற பண்டம். ஸ்பிண்டில் பார்த்த தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுற்றுகிறது எதுவும் ஒரு நாள் நிற்கும். ஆகவே இரண்டு தட்டு, இரண்டு ஊரில். ஒன்று சிவகாசியில் இருந்தால் மற்றது விருதுநகரிலோ ராஜபாளையத்திலோ இருக்கட்டும். தீப்பிடிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டுமா! அதற்குமேல் ஸ்கேனர், மின்சாரம், இணையத்தில் வைக்க வருஷ வாடகை. எல்லாவற்றுக்கும் மேலே, பகலில் வேலை செய்பவருக்குச் சம்பளம்.

இந்தப் பணம் எங்கிருந்து? லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் மூலம் 2004 முதல் அழியும் ஆவணங்களுக்கு மானியம் தருகிறார்கள். அசல் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், பிரதி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நல்ல விதி. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோப் படங்களை இந்த மானியத்தில் பிரதியெடுத்தது. ஆர்க்கேடியா என்ற நிதியிலிருந்து அந்தப் பணம் வருகிறது. அதை நிறுவியவர்களில் ஒருவர் டெட்ரா பேக் பால்பெட்டி கண்ட சுவீடிஷ் குடும்பத்துப் பெண். சரித்திரத்தின் வேடிக்கையைப் பாருங்கள்! சிவகாசியின் கைத்தீப்பெட்டியோடு மல்லுக்கு நின்ற விம்கோ கம்பெனியின் பணமும் சுவீடிஷ் பணம்தான். சென்னையில் விம்கோ நகர் என்று ரயில் நிலையமே இருக்கிறது. அது வேறு குடும்பம், வேறு வியாபாரம், பழி சொல்லவில்லை. மானியம் கிடைத்தால் வாங்கலாம் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் மானியத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிந்த மறுநாள் தட்டுக்கும் வாடகைக்கும் பணம் கட்டுகிறவன் யார்? அதற்குத்தான் நம் காசு வேண்டும். மாதம் பத்து ரூபாய் வீதம் 500 பேர் கொடுத்தால் 5,000 ரூபாய். வருஷத்துக்கு 60,000. இரண்டாயிரம் பேர் சேர்ந்தால் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். வரவு செலவு மாதாமாதம் யூனியன் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

சர்க்காரையும் விட்டுவிட முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் மின் நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அதில் புத்தகங்களுக்கு இடமுண்டு. நூறு ஆண்டுத் தொழிலின் படங்களுக்கு ஓர் அலமாரி கேட்பது பிச்சையா? விற்ற ஒவ்வொரு தீப்பெட்டியிலும் வரி வாங்கிய சர்க்கார்தானே!

சட்டம் தடுக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நம் நாட்டில் சித்திரக்காரர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அந்தக் கணக்கில், கொண்டையா ராஜு எழுதிய படத்தின் உரிமை யாரிடம் இருந்தாலும் 2036 முடிவு வரை அவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். பெயரில்லாதவர் எழுதி வெளிவந்த படத்துக்கோ, வெளிவந்ததிலிருந்துதான் 60 ஆண்டு. 1950-களில் அச்சான பெயரில்லாத லேபிள்கள் எல்லாம் இன்று பொதுச் சொத்து. பெயரைப் போடவிடாமல் வைத்தார்கள். அதனாலேயே அந்தப் படம் முதலில் ஜனங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன எழுதுவது என்பதுதான் நமக்கு முக்கியம். ‘புலி மார்க், நாலு வர்ணம்’ என்று எழுதி முடித்துக்கொள்வதற்கு நாம் வேண்டியதில்லை, வியாபாரியே போதும். எந்தத் தெருவில் ஒட்டினார்கள், குரோஸுக்கு என்ன கூலி, பசை எதில் காய்ச்சினார்கள், எந்த மெஷினில் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று எழுத வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசைப் பாட்டிமார்களே, உங்களைத்தான் சொல்கிறோம். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்பவர் பெயரை வெளியிட மாட்டோம். சொன்ன விஷயம் மட்டும் நிற்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஆபீஸில் காலை முதல் ஆள் இருக்கும். பரணில், டிரங்குப் பெட்டியில், பிள்ளைகளின் பழைய நோட்டு அட்டையில் என்ன லேபிள் இருந்தாலும் எடுத்து வாருங்கள். கிழிந்ததும் வரட்டும், கறை பட்டதும் வரட்டும். ஒட்டிய பெட்டியிலிருந்து உரிக்க வேண்டாம். பெட்டியோடு கொண்டு வாருங்கள். வாங்கியதற்குச் சீட்டு எழுதித் தருவோம். பிரதி எடுத்து அசலை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பைண்டிங் பிரிவுத் தோழர்களுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். போன வருஷத்து ஆல்பங்கள் எடைக்குப் போகும் முன்னால் கம்பெனியில் கேட்டு, ரகத்துக்கு ஒன்றாவது வாங்கி வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.