தரிசாய்க் கிடக்கும் காணியும் எழுதாத குத்தகையும்



கையிலே நாலு காசு சேர்ந்தால் காணி வாங்கு என்பது யாழ்ப்பாணத்தவருக்குப் பாட்டன் காலந்தொட்டு வந்த புத்தி. உத்தியோகத்தரும் வைத்தியரும் கடல்கடந்து உழைப்போரும் இன்றும் அந்தப் புத்தியையே பின்பற்றுகின்றனர். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் நகை வாங்குவதுபோலக் காணி வாங்க இயலாது. காணியோடு பங்காளியும் அயலவனும் குத்தகைக்காரனும் சேர்ந்தே வருகின்றனர்.

உறுதி முடிக்குமுன் காணிக் கந்தோரில் தோம்பைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்பாக இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. எழுதியும் பதியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தால், பின்னால் எழுதி முன்னால் பதிந்தவன், மோசடி இல்லாதவிடத்து, உங்களை முந்திவிடுவான். விற்பவர் தேசவழமைக்குட்பட்ட மணமான பெண்ணாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிரிக்கப்படாத பங்காயின் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளிகளுக்கும் 1947ஆம் ஆண்டின் சட்டப்படி முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களைக் கேளாமல் மலிவாக வாங்கியதாக மகிழ்ந்தவர், பின்னர் நீதிமன்ற வாசலிலே நிற்பார்.

இன்னொன்று, கிணறு. குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை, கிணறே தோட்டத்தின் உயிர். பத்துப் பரப்புச் செம்மண் காணியைப் பார்த்து ஆசைப்படுகிறோம். உறுதியிலே கிணற்றுப் பங்கும் நீர் கொண்டுசெல்லும் வாய்க்காலும் வழியும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதில்லை. அவை இல்லையேல் குத்தகைக்கு எடுக்க எவரும் வரார். வந்தாலும் அயலவனோடு சண்டைபிடிக்கவே பொழுது சரியாகும்.

இனி, வாங்கியபின் செய்வதைப் பார்ப்போம். நெற்காணிக்கு விதி வேறு. 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் முதல் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, குத்தகைக் கமக்காரனுக்குத் தனிக் காவல் உண்டு. நான் பேசுவது தோட்டக் காணியையும் வீட்டையும் பற்றியே.

ஊர் ஊராகச் சென்று பாருங்கள். நல்ல செம்மண் பற்றையாய்க் கிடக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே காணியற்ற தோட்டக்காரன் குத்தகை தேடி அலைகிறான். சொந்தக்காரரைக் கேட்டால், "கொடுத்தால் பத்து ஆண்டில் ஆட்சியுரிமை கேட்பான்" என்கிறார். இந்த அச்சமே எங்கள் மண்ணைத் தரிசாக்குகிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து ஆண்டு என்று கூறுவது மெய்தான். ஆனால் சொந்தக்காரனுக்கு மாறாக, அவனுடைய உரிமையை ஏற்காது ஆண்டவனுக்கே அச்சட்டம் உதவும். குத்தகை கொடுத்து ஆள்பவன் உங்கள் உரிமையை ஏற்றே ஆள்கிறான். நொத்தாரிசு முன்பாக எழுதிய குத்தகை உறுதியும் ஆண்டுதோறும் கொடுத்த பற்றுச்சீட்டும் அதற்குச் சாட்சி. உண்மையில், எழுதிக் கொடாமல் "சும்மா பார்த்துக்கொள்" என்று விட்டுப் போனவருக்கே ஆபத்து அதிகம். போரினால் இடம்பெயர்ந்தோருக்காக 2016இல் வந்த விசேட சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க வழிசெய்தது. ஆனால் வழக்குத் தொடர அது தந்த தவணை இரண்டே ஆண்டுகள். இனி அதை நம்பியிருக்க இயலாது.

எழுத்து தோட்டக்காரனுக்கும் காவலே. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியின்றிச் செல்லாதென்று அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எருப்போட்டு மண்ணைத் திருத்தியவனை அடுத்த போகத்திலே எழுப்பிவிடலாம் என்றால் எவன் எருப்போடுவான்? ஐந்து ஆண்டேனும் தவணை வைத்து எழுதுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதைத் தடுத்தது. வீடு குறைந்த நாட்டிலே சொந்தக்காரர் கேட்டதெல்லாம் கொடுக்க நேர்ந்ததனாலேயே அத்தகைய காவல் தேவைப்பட்டது. மறுபுறத்தில், தவணை முடிந்தும் எழும்பாதவர்மீது விரைந்து நடவடிக்கை எடுக்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. அந்த வழி எழுதிப் பதிந்த குத்தகைக்கே திறக்கும், வாய்ப்பேச்சுக்குத் திறவாது.

வெளிநாட்டிலுள்ள உறவினரின் காணியைப் பார்த்துவருவோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். அற்றோர்னித் தத்துவத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஆடி பிறக்குமுன் குத்தகை எழுதி முடித்தால், மாரிப் போகத்திற்கு நிலம் கொத்த நாள் இருக்கும்.