மாலத்தீவின் வானமும் கடலும்



இன்று காற்று எத்திசையிலிருந்து வீசும், அலை எத்தனை அடி எழும் என்று கேட்டறிந்த பின்னரே பிரயாணம் புறப்படும் மக்கள் நம் அண்டைக் கடலில் வாழ்கின்றனர். அவர்களுடைய நாடு மாலத்தீவு. ஏறத்தாழ 1,200 சிறு பவளத்தீவுகள் அங்கே வடக்குத் தெற்காகச் சிதறிக் கிடக்கின்றன. கடல் மட்டத்திற்கு மேல் அவற்றின் தரை சராசரி ஒன்றரை மீட்டர் உயரமே. நம்மில் ஒருவர் எழுந்து நின்றால் அந்த உயரத்தைத் தாண்டிவிடுவார். பெரிய மருத்துவமனைக்கோ கடைத்தெருவிற்கோ செல்லப் பலருக்குப் படகே வண்டி. ஆதலால் வானிலை அறிக்கை அவர்களுக்குப் பொழுதுபோக்குச் செய்தியன்று. அன்றாட வாழ்வின் வழிகாட்டி.

கருவிகள் தோன்றுவதற்கு முன்பு அம்மக்கள் விண்மீன்களைத் துணைக்கொண்டனர். ஆண்டை 27 கூறுகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாட்களை வகுத்தனர். அவற்றின் பெயர்களைக் கேட்டால் நமக்கு வியப்பு உண்டாகும். 'அஸ்ஸித' என்பது நம் அசுவினி. 'கெத்தி' என்பது கார்த்திகை. 'ரோனு' என்பது ரோகிணி. நாம் கத்திரி வெயில் என்று கணக்கிடும் மே மாதத் தொடக்கத்திலேதான் அவர்களுடைய 'கெத்தி'யும் பிறக்கிறது. ஏப்ரலில் தொடங்கும் பதினெட்டுக் கூறுகள் தென்மேற்குக் காற்றுக்கு உரியவை. டிசம்பரில் தொடங்கும் ஒன்பது கூறுகள் வடகிழக்குக் காற்றுக்கு உரியவை. முன்னதில் மழையும் கொந்தளிப்பும் மிகுதி. பின்னதில் வானமும் கடலும் பெரும்பாலும் அமைதி.

இக்காலத்தில் மாலத்தீவு வானிலைத் துறை காற்றின் வேகம், மழை, அலையின் உயரம் ஆகியவற்றை நாள்தோறும் முன்கூட்டி அறிவிக்கிறது. ஆபத்தின் அளவை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் உணர்த்துகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டைக் கடும் புயல்கள் நேரே தாக்குவது அரிது. அப்படியாயின் அச்சம் எதற்கு என்று நாம் கேட்கலாம்.

அச்சம் வேறு திசையிலிருந்து வருகிறது. தெற்கே 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள குளிர்ந்த கடலில் பெருங்காற்று வீசும்போது நெடிய அலைகள் பிறக்கின்றன. குறுகிய அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். நெடியவையோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வீதம் வடக்கு நோக்கி வந்துகொண்டேயிருக்கும். தீவில் இலை அசையாதிருக்கலாம், வானம் தெளிந்திருக்கலாம். எனினும் கடல் பொங்கி ஊருக்குள் புகும். 1987 ஏப்ரலில் தலைநகர் மாலே இவ்வாறே வெள்ளத்திற்கு உள்ளாயிற்று. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தையும் அலைகள் அரித்தன. அதன் பின்னரே ஜப்பானின் உதவியுடன் அந்நகரைச் சுற்றி அலைதடுப்புச் சுவர் எழுந்தது. 2007 மே மாதத்தில், அமாவாசையை ஒட்டி, மீண்டும் பல தீவுகளில் கடல்நீர் புகுந்தது.

ஆயினும் இவ்வலைகள் வந்து சேரச் சில நாட்கள் ஆகின்றன. அந்த நாட்களே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். தொலைவில் எழும் காற்றை அளந்து, அலை எப்போது கரை சேரும் என்று இன்று கணித்துவிட இயலுகிறது. தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது புலப்படாது. அறிக்கையைக் கேட்பவனுக்கே புலப்படும்.

இச்செய்தி நமக்கும் உரியது. இதே அலையைக் கேரளத்து மீனவர் 'கள்ளக்கடல்' என்பர். கள்வனைப்போல் ஓசையின்றி வருவதால் அமைந்த பெயர் அது. 2024 மே மாதம், எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், கன்னியாகுமரி மாவட்டக் கரையில் இளைஞர் சிலர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ வாழும் நாம், விடுமுறையில் குழந்தைகளுடன் கடற்கரைக்குச் செல்கிறோம். வானம் தெளிவாக இருக்கிறதே என்று துணிய வேண்டாம். அன்றைய கடல் அறிக்கையைக் கேட்போம். அவ்வூர் மீனவரையும் ஒரு சொல் கேட்போம். அதன் பின் அலையில் கால் நனைப்போம்.