நெஞ்சுச் சூடும் தினக்கூலியும்

(ராசிங்காபுரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எடை குறைஞ்சு பிறக்கிற பிள்ளைக்கு முதல் எதிரி குளிர்தான். தோலுக்கடியில் கொழுப்பு இருக்காது. உடம்புச் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் ஓய்ந்துபோகும்.

2011இல் இந்தியாவில் 'எம்ப்ரேஸ்' என்றொரு பை வந்தது. உள்ளே மெழுகு மாதிரி ஒரு பொருள். சூடேற்றி உருக்கிவிட்டால் சில மணி நேரம் 37 டிகிரியில் நிற்கும். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை. இன்குபேட்டர் விலையில் சின்னப் பங்குதான். நல்ல சாமான்.

அதற்கும் முன்னால், 1978இல், கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பத்தாமல் திண்டாடியபோது எட்கர் ரே என்ற டாக்டர் பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பிள்ளை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனே கட்டினால் சாவு கால்வாசி குறையுதாம்.

செலவே இல்லை என்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. நாளெல்லாம் மார்பில் வைத்திருக்கணும்னா அவள் வேலைக்குப் போகக்கூடாது. நம்ம பொம்பளைக விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குப் போறவங்க. அந்தக் கூலியை யார் தருவது? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000, அதுவும் தவணையில். "பணம் விழுந்துருச்சா சார்?" என்று கைப்பிள்ளையோடு பாங்க் கவுண்டரில் வந்து நிற்கிறவளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொண்ணு. அப்பன் மார்பிலும் அதே சூடுதான். ஆம்பளைக சட்டையைக் கழற்றிட்டு உட்காருங்க; ராத்திரிக்கு எந்த எஸ்டேட்டும் லீவு தர வேண்டியதில்லை.