நுழைவுச்சீட்டு யார் கையில்?



அயோத்திதாசப் பண்டிதரை நினைத்துக் கூடும்போது நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் வாழ்ந்த மலை அது. 1891இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியதும் அங்கேதான். சென்னை வெயில் தாங்காமல் வெள்ளைக்கார அதிகாரிகள் கோடைதோறும் ஏறிப்போய்த் தங்கியதும் அதே மலைதான். ஏறிவந்து பார்த்துவிட்டு இறங்குகிறவர்களின் மலை ஒன்று, அங்கேயே இருப்பவர்களின் மலை ஒன்று என்று அன்றைக்கே இரண்டு இருந்தன. இன்றைக்கு இந்த இரண்டையும் சேர்த்துவைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு புதுச் சொல் வந்திருக்கிறது: சூழல் சுற்றுலா. அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் போனால் பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி இருக்கிறது பரளிக்காடு. வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில் பெயர்பெற்ற இடம். முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும். போய் இறங்கியதும் சுக்குக் காப்பி. பிறகு பரிசல். மதியம் களி, கோழிக்குழம்பு என்று சாப்பாடு. பரிசல் ஓட்டுவது இருளர் ஆண்கள். சமைப்பது இருளர் பெண்கள். போய்வந்தவர்கள் திருப்தியாகத்தான் பேசுகிறார்கள். நாமும் அதைக் குறைத்துப் பேச வரவில்லை. சமவெளிக்குக் கூலிவேலை தேடிப் போகாமல் சொந்த ஊரிலேயே நாலு காசு கிடைப்பது சின்ன விஷயம் அல்ல. காடு காப்பது பற்றி மேடையில் பேசும் நமக்கு அந்தக் காசை அலட்சியம் செய்யும் தகுதி கிடையாது.

நமது கேள்வி வேறு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம், என்ன கட்டணம், எந்த மாதத்தில் மூட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது யார்? ஊரில் ஒரு சாவு விழுந்தால் இன்றைக்குப் பரிசல் ஓடாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? எங்கள் சாமி இருக்கும் பக்கம் கேமராவோடு வராதே என்று யார் சொல்ல முடியும்? 'பழங்குடி மக்களின் பங்கேற்பு' என்று திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. பரிசல் ஓட்டுவதும் பங்கேற்புதான், ஊட்டி விழா மேடையில் ஆடுவதும் பங்கேற்புதான். வேலை கொடுத்தவர் வேண்டாமென்றால் அந்தப் பங்கேற்பு மறுநாளே முடிந்துபோகும். தன் நிலத்தில் தானே கூலியாக நிற்பது எப்படிப்பட்டது என்று சேரிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை மாணவர்கள் ஒருமுறையாவது மூலத்தில் படிக்க வேண்டும். மூன்றாம் பிரிவு, காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் சமூகத்துக்கு உள்ள உரிமையைச் சொல்கிறது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, வனநிலத்தில் கிராமத்துக்காகச் செய்துகொள்ளக்கூடிய 13 வசதிகளை வரிசையாகச் சொல்கிறது: பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை என்று. ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தங்கும் விடுதி இல்லை, சஃபாரிப் பாதை இல்லை. ஆனால் பல மலைக்கிராமங்களில் பட்டியலில் உள்ள சாலைக்கு வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத சஃபாரிப் பாதை தயாராக இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் பட்ட பாடு தனிக்கதை. 2007 டிசம்பர் கடைசி நாளில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னால், அவசர அவசரமாக, முதுமலையிலும் ஆனைமலையிலும் புலிகளின் முக்கிய வாழிடம் அறிவிக்கப்பட்டுவிட்டது. அடுத்து 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கும்வரை பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் சுற்றுலா முடங்கவில்லை.

புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி ஊறுபடாமல் இருக்க வேண்டும், அதனால் மக்கள் 'தாமாக முன்வந்து' வெளியேறலாம் என்று ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், பிறகு 15 லட்சம் என்று தொகை வைத்தார்கள். 2012 ஜூலையில் மையப்பகுதிகளில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தியது. அக்டோபரில், தேசியப் புலிகள் காப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வந்ததும், தடை நீங்கியது. அந்த நெறிகளின்படி மையப்பகுதியில் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்குத் திறந்து வைக்கலாம். குடிசை போட்டு இருந்தால் காடு ஊறுபடும், ஜீப்பில் வந்துபோனால் ஊறுபடாது என்பதுதான் இதற்குப் பொருளா?

2023இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சஃபாரியையும் சூழல் சுற்றுலா வசதிகளையும் 'வனம் சாராத பயன்பாடு' என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நிலம் அதே நிலம்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அடுத்த ஆண்டு ஜூனில், மையப்பகுதிகளில் வாழும் குடும்பங்களை வெளியேற்றும் வேலையை வேகப்படுத்தச் சொல்லி அதே ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நல்ல உதாரணம் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் பெரியாறு காப்பகத்தைக் காட்டுவார்கள். 1996க்குப் பிறகு உலக வங்கிப் பணத்தில் நடந்த திட்டத்தில், காட்டுக்குள் திருட்டுத்தனமாக மரப்பட்டை வெட்டியவர்களே வழிகாட்டிகளானார்கள். மன்னான்களும் பளியர்களும் மூங்கில் தெப்பத்தில் பயணிகளை அழைத்துப்போகிறார்கள். வழக்கும் சிறையுமாக இருந்த வாழ்க்கை மாறியது உண்மையான ஆதாயம். ஆனாலும் பயணிகள் படகில் சுற்றும் அந்த ஏரி, 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய காடு. அந்தக் காட்டின் மக்கள் இன்று அதில் சம்பளத்துக்குத் துடுப்புப் போடுகிறார்கள். அவர்களின் குழுக்கள் வனத்துறையின் திட்டத்தில் பிறந்தவை. சட்டம் சொல்லும் கிராம சபைகள் அல்ல.

வேறு வழி இருப்பதைக் காட்டியவர்கள் பிலிகிரி ரங்கன் மலையின் சோளகர்கள். நம் சத்தியமங்கலத்துச் சோளகர்களின் சொந்தபந்தம். 2011இல் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்குள்ள கிராம சபைகள் சமூக வன உரிமைப் பட்டாவும் பெற்றன. காப்பகம் என்றால் ஆதிவாசிக்கு உரிமை இல்லை என்ற பேச்சு அங்கே நிற்கவில்லை. பட்டா வாங்கியபின்னும் தேன் எடுப்பதற்குக்கூடத் துறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் மனு கொடுத்துக் கெஞ்சுவது வேறு, பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவது வேறு.

தலித் இலக்கிய மேடையில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. காகிதத்தில் நிலம் நம்முடையது. கையில் எவ்வளவு மிஞ்சியது என்று நமக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. காட்டில் வாழும் தலித் மக்கள் இந்தச் சட்டத்தில் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற கணக்கில் வருகிறார்கள். 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை அவர்கள் நிரூபிக்க வேண்டும். இலங்கையிலிருந்து திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிந்த நம் மக்கள் இந்தக் கணக்குக்குள் எந்தக் காலத்திலும் வர முடியாது. 2022இல் அந்தத் தோட்ட நிலத்தில் ஒரு பகுதி வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாளை அங்கே ஒரு சூழல் சுற்றுலாப் பலகை நடப்பட்டால் ஆச்சரியப்பட மாட்டோம். ஆதிவாசியையும் தோட்டத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தி வேடிக்கை பார்க்கச் சிலர் காத்திருப்பார்கள். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

விடுமுறையில் மலைக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். சமூக வன வள உரிமைக்கு 'சி' படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதோடு எல்லை வரைபடம் வேண்டும். ஊர்ப் பெரியவர்களோடு நடந்துதான் அதை வரைய முடியும். பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று என்று விதி ஒத்துக்கொள்கிறது. அவர்கள் மொழியிலேயே கேட்டு, ஓடைக்கும் பாறைக்கும் அவர்கள் வைத்த பெயரிலேயே எழுதுங்கள். கிராம சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வெளியாள் எந்தப் பாதையில் வரலாம், எதில் வரக் கூடாது, எந்த நாட்களில் யாருமே வரக் கூடாது, கட்டணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் அந்தச் சபை தீர்மானமாக எழுதட்டும். சமைக்கிற பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்தை அவர்கள் அடுப்பிலிருந்து விடுபடும் நேரத்தில் வையுங்கள்.