சூளையும் கணக்குக் கொப்பியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் தொழிலில் இருப்பவர்களை மேடைக்கு அழைத்தால் சீனி வியாதி பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மட்பாண்டக் கலை. இன்னும் சரியாகச் சொன்னால், மண்ணை வனைந்து, சுட்டு, விற்று, அந்த வருமானத்தில் ஒரு பெண் தன் காலில் நிற்பது எப்படி என்பது.

இதற்குக் காரணம் உண்டு. நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் கணக்காளர்களையும் உருவாக்கி வந்திருக்கிறது. அதில் எமக்குப் பெருமைதான். ஆனால் உயர்தரத்தில் சித்தியடையும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை என்பது நாடறிந்த உண்மை. சித்திரப் பாடத்தில் திறமைச் சித்தி பெற்ற பிள்ளையிடம், "சரி, இனி என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு விடை இருக்க வேண்டும். அது கணக்கோடு கூடிய விடையாகவும் இருக்க வேண்டும்.

ஒரு வைத்தியரின் மகளைப் பற்றி முதலில் சொல்லுகிறோம். அவர் பெயர் லூசி ரீ. 1902ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள கலைத்தொழிற் கல்லூரியில் மட்பாண்டம் பயின்றார். சொந்தப் பட்டறை வைத்தார். 1937இல் பாரிஸ் சர்வதேசக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அடுத்த ஆண்டே நாஜிகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தார்கள். 1938இல் அவர் அகதியாக லண்டன் வந்து சேர்ந்தார். வியன்னாவில் ஈட்டிய பெயர் லண்டனில் யாருக்கும் தெரியாது. சிறிது காலத்தில் திருமண வாழ்வும் முறிந்தது. இடம்பெயர்ந்து, பெயர் தெரியாத ஊரில் மீண்டும் முதலாம் படியிலிருந்து தொடங்குவது என்றால் என்ன என்பதை இந்த மண்டபத்தில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் என்ன செய்தார்? ஹைட் பார்க்கிற்கு அருகே அல்பியன் மியூஸ் என்ற சிறு தெருவில், கீழே பட்டறை, மேலே வீடு என்று ஓர் இடம் பிடித்தார். போர்க்காலத்தில் பொத்தான் செய்தார். ஆம், சட்டைப் பொத்தான்தான். உடை வடிவமைப்பாளர்கள் கொடுக்கும் துணியின் நிறத்துக்கு ஏற்பப் பீங்கான் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் கையால் உருட்டினால் கட்டாது என்று அச்சு வைத்து அழுத்தி எடுத்தார். உதவிக்குத் தம்மைப்போன்ற அகதிகளைச் சேர்த்துக்கொண்டார். 1946இல் வேலை தேடி வந்த ஹான்ஸ் கோப்பர் என்ற இளைஞருக்கு மண்வேலை எதுவும் தெரியாது. பின்னர் அவரும் உலகப் புகழ்பெற்ற கலைஞரானார். இருவரும் சேர்ந்து தேநீர், கோப்பிக் கோப்பைகளும் கிண்ணங்களும் செய்து கடைகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில்தான் லூசி ரீயின் மெல்லிய சாடிகளும் அகன்ற கிண்ணங்களும் பிறந்தன. இங்கிலாந்தின் பெரிய மட்பாண்ட ஆசான் பேர்னார்ட் லீச் ஆரம்பத்தில் அவருடைய பாண்டங்களின் மெல்லிய தன்மையைக் குறை கூறினார். சில காலம் தடிப்பாகவும் செய்து பார்த்த லூசி ரீ, பிறகு தமது வழிக்கே திரும்பினார். 1991இல் பிரித்தானிய அரசு அவருக்கு 'டேம்' பட்டம் வழங்கியது. 1995இல் மறைந்தார். அவருடைய பட்டறை இன்று லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் மீள அமைக்கப்பட்டிருக்கிறது. லண்டனில் வாழும் எங்கள் சகோதரிகள் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டலாம்.

இந்த வாழ்க்கையிலிருந்து எங்கள் பிள்ளைகள் மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, சோறு போடும் பொருள் ஒன்று வேண்டும். பொத்தானும் கோப்பையும் அவருக்குச் சோறு போட்டன. அதைத் தாழ்வாக நினைத்தவர் கலைக்கு நேரம் தேட முடிந்திருக்காது. இரண்டாவது, செலவைக் குறைப்பதும் கலையின் ஒரு பகுதி. பலர் பாண்டத்தை ஒருமுறை சுட்டு, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசி, மீண்டும் சுடுவார்கள். லூசி ரீ காய்ந்த பச்சை மண்ணின் மீதே தூரிகையால் பூசி, மின்சூளையில் ஒரே தடவையில் சுட்டார். மூன்றாவது, ஒரே வருமானத்தில் தொங்கி நிற்கக் கூடாது. அவர் 1960 முதல் பல ஆண்டுகள் கம்பர்வெல் கலைக் கல்லூரியில் கற்பித்தார்.

"அது லண்டன். இங்கே நடக்குமா?" என்று கேட்பீர்கள். மூலப்பொருள் எம் காலடியிலேயே இருக்கிறது. பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் வெண்களி உண்டு. தெதியாவலவில் உருண்டைக் களி, நாத்தாண்டியாவில் சிலிக்கா மணல். இவற்றை நம்பித்தான் பெரிய பீங்கான் தொழிற்சாலைகள் இங்கே எழுந்தன. கண்டி வீதியில் மொலகொடவைக் கடப்பவர்கள் வீதியோரம் அடுக்கியிருக்கும் சட்டி பானைகளைப் பார்த்திருப்பீர்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் புதுச்சேரியில், 1971ஆம் ஆண்டு ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கு கற்றவர்கள் வெளியே சென்று தனித்தனிப் பட்டறைகள் வைத்தார்கள். தமிழ் பேசும் ஊரிலேயே அது நடந்தது.

தடையாக இருப்பது மண் அல்ல, மனம். "சட்டி பானை வேலையா?" என்று முகம் சுழிக்கும் பழக்கம் எம்மவரிடம் இன்னும் இருக்கிறது. அந்தச் சுழிப்புக்குள் சாதி ஒளிந்திருக்கிறது என்பதையும் நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் பானை தந்த கைகளைத் தாழ்த்திவிட்டு, அதே வேலையை வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டால் வியப்பது நியாயமா?

இனிக் கணக்குக்கு வருவோம். விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட இலக்கங்கள் இவை. உங்கள் ஊரின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தேநீர்க் கோப்பைக்கு மண்ணும் பூச்சும் 150 ரூபா. இரண்டு முறை சுட மின்சாரம் 200 ரூபா. மண் பிசைந்து, வனைந்து, அடி சீவி, கைபிடி ஒட்டி, பூசி, சூளையில் அடுக்கி இறக்க மொத்தம் 45 நிமிடம். மணிக்கு 600 ரூபா கூலி என்றால் 450 ரூபா. ஆகக் கூடி 800 ரூபா. நூறு கோப்பை செய்தால் 80,000 ரூபா. ஆனால் நூறும் தேறாது. ஈரம் முழுதாக உலராமல் சூளைக்குள் போன கோப்பை, உள்ளே நீர் ஆவியாகி வெடிக்கும். மாரி காலத்தில் இந்த ஆபத்து அதிகம். சில கைபிடியில் வெடிப்பு விடும், சில பூச்சு வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இருபது போனால் மிஞ்சும் எண்பதின் மீதுதான் அந்த 80,000 ரூபாவும் ஏறும். ஒரு கோப்பை 1,000 ரூபா ஆகிவிட்டது. வாடகை, சூளைத் தேய்மானம், பொதி கட்டும் செலவு என்று 300 ரூபா சேர்த்தால் 1,300.

இந்தக் கோப்பையைக் கடையில் வைத்தால், விற்பனை விலையில் பாதிவரை கடைக்காரர் எடுப்பது சாதாரணம். அப்படியானால் அதன் விலை 2,600 ரூபாவாக இருந்தால்தான் செய்தவளுக்குக் கைநட்டம் இல்லை. இலாபம் என்ற சொல்லுக்கு நாம் இன்னும் வரவேயில்லை. வீட்டில் வைத்து நேரடியாக விற்கும்போதும் கடை விலைக்கே விற்க வேண்டும். குறைத்து விற்றால் அடுத்த முறை கடைக்காரர் பொருள் எடுக்கமாட்டார்.

தன் கூலியைக் கணக்கில் போடாமல் விடுவதுதான் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களில் அடிக்கடி காணும் ஓட்டை. "என்ர நேரம்தானே" என்கிறார்கள். நூறு கோப்பைக்கு 75 மணித்தியாலம். அது இலவசமல்ல. இன்னும் சில விடயங்களையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். பெரிய கட்டளை வந்தால் பாதிப் பணம் முற்பணமாக வாங்குங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் எத்தனை வைத்தீர்கள், எத்தனை தேறின, எந்தப் பூச்சு என்று கொப்பியில் எழுதுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டுக் காசும் தொழிற் காசும் ஒரே கைப்பையில் இருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேறொரு சிறு வருமானத்தைக் கைவிட வேண்டாம்.

வைத்தியர்களாகிய நாங்கள் இந்த மேடையை விட்டு இறங்குமுன் சொல்ல வேண்டியதும் உண்டு. களிமண்ணிலும் பூச்சிலும் சிலிக்கா இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. உலர்ந்து தூசியானால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். நுரையீரலில் விழுந்த அந்தத் தழும்பை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையமும் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே பட்டறையைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த தூளைக் கலக்கும்போது சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, என்95 அணியுங்கள். பட்டறை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். சூளையைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எரியும்போது காபன் மொனொக்சைட் வெளிவரக்கூடும், அதற்கு மணமில்லை.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈயம் கலந்த பூச்சுள்ள பாத்திரத்தில் புளியோ தேசிக்காயோ பட்டால் ஈயம் உணவில் கரையும். பாதிப்பு முதலில் சிறு பிள்ளைகளின் மூளைக்கு. எங்கள் சமையலில் புளி இல்லாத நாள் ஏது? உணவுப் பாத்திரம் செய்பவர் ஈயமற்ற பூச்சையே பயன்படுத்த வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவளின் கோப்பைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவல்ல.

அன்புச் சகோதரிகளே, ரொறொன்ரோவிலும் மெல்பேர்ணிலும் ஒரு கையால் செய்த கோப்பைக்குச் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குகிறோம். ஊருக்கு வந்தால், "தெரிஞ்ச பிள்ளைதானே, குறைச்சுத் தரமாட்டாளா?" என்ற பேச்சு எழுகிறது. தெரிந்த பிள்ளை என்பதால் முழு விலையும் கொடுப்போம். ஒரு வைத்தியரிடம் போய்ப் பேரம் பேசுவதில்லையே. கற்ற கையின் நேரத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை கிளினிக்கிலும் பட்டறையிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

சங்கத்திடம் இரண்டு கோரிக்கைகள். நூற்றாண்டு நினைவுப் பொருளாகப் படம் அச்சிட்ட இறக்குமதிக் குவளைகள் வாங்கும் யோசனை இருப்பதாக அறிகிறோம். அந்தக் கட்டளையை, மண்வேலை செய்யும் எங்கள் பழைய மாணவிகளிடமே பாதி முற்பணத்தோடு கொடுங்கள். எண்ணிக்கை குறையலாம், காலம் சற்று நீளலாம், பரவாயில்லை. அடுத்தது, நூற்றாண்டுக் கொடையில் ஒரு பகுதியைச் சித்திர அறைக்கு ஒதுக்குங்கள். ஒரு சக்கரம், ஒரு சிறிய மின்சூளை, காற்றோட்டமுள்ள ஒரு தனி அறை, அதோடு ஒரு கணக்குக் கொப்பி. கொப்பியை மறந்துவிட வேண்டாம். வர்த்தக ஆசிரியையும் சித்திர ஆசிரியையும் சேர்ந்து நடத்தும் ஒரு வகுப்பு இந்தப் பாடசாலையில் தொடங்கட்டும்.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களில் ஒருத்திக்கு மண் பிடிக்குமென்றால், வீட்டில் அதைச் சொல்லுங்கள். சொல்லும்போது இந்தக் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். அப்பாமாரும் அம்மாமாரும் கனவைக் கேட்டுப் பயப்படுவார்கள். கணக்கைக் கேட்டால் இருந்து யோசிப்பார்கள். நாங்கள் உங்கள் பக்கம் இருக்கிறோம், வாடிக்கையாளர்களாகவும்.

எங்கள் பாடசாலை அன்னை நீடு வாழ்க.