மயஸ்தீனியா கிராவிஸ்: நம் குடியிருப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நோய்

(நம் சங்கத்தின் ஜூன் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்தது தண்ணீர் லாரி விவகாரம் என்பதால் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஜூன் மாதத்தை மயஸ்தீனியா கிராவிஸ் விழிப்புணர்வு மாதமாக அனுசரிக்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்தான். கடுமையான தசை பலவீனம் என்று அர்த்தம். என் மனைவிக்கு ஒன்பது வருடமாக இந்த நோய் இருக்கிறது. அவள் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். "தாராளமா சொல்லுங்க, அப்பவாவது எனக்குத் தலைக்கனம்னு நினைக்க மாட்டாங்க" என்றாள்.

முதலில் நோயைப் பற்றி. நாம் கையைத் தூக்க நினைத்தால், நரம்பின் நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவரும். தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. வங்கி பாஷையில் சொன்னால் அசிடைல்கோலின்தான் செக், ஏற்பிதான் கவுண்டர். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி இந்தக் கவுண்டர்களை மூடிவிடுகிறது. காலையில் செக் நிறைய வருவதால் இருக்கிற கவுண்டரை வைத்து ஒப்பேற்றலாம். வேலை செய்யச் செய்ய நரம்பு அனுப்பும் செக்கும் குறைகிறது. அப்போது தசை நின்றுபோகிறது. ஓய்வெடுத்தால் மறுபடி பலம் வருகிறது.

அதனால்தான் இந்த நோயாளிகள் காலையில் நன்றாக இருப்பார்கள், மாலையில் தளர்ந்துவிடுவார்கள். கண் இமை தொங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். மெல்லும்போது தாடை ஓய்ந்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். தலை வாரக் கை தூக்க முடியாது. மரத்துப்போவது இருக்காது. இளம் பெண்களுக்கும் 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் அதிகம் வருகிறது. இங்கே என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இது தொற்று நோய் அல்ல.

என் மனைவிக்கு முதலில் இமைதான் தொங்கியது. புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் மனக்கவலை என்றார். உறவுக்காரர்கள் சோம்பல் என்றார்கள். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் ரத்தத்தில் எதிரணு பரிசோதனை செய்யச் சொன்னார். அதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. முகத் தசை தளர்ந்தால் சிரிப்பு சிரிப்பாகத் தெரியாது, முறைப்பது போல இருக்கும். மாலையில் பார்க்கில் யாராவது பேசினால் அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவது இதனால்தான்.

நல்ல செய்தியும் உண்டு. 1934-இல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், பைசோஸ்டிக்மின் ஊசி போட்டால் இந்த பலவீனம் சிறிது நேரம் விலகுவதைக் கண்டுபிடித்தார். அதே வகையைச் சேர்ந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைத்தான் இன்று சாப்பிடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் உண்டு. சிலருக்கு மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியை அகற்றுகிறார்கள். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980-களில் இந்த நோய் வந்தது. அதற்குப் பிறகு அவர் எத்தனை படம் நடித்தார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மூச்சு விடும் தசை தளர்வது. ஒரே மூச்சில் இருபது வரைகூட எண்ண முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, மற்ற நோய்க்குக் கொடுக்கும் மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், மெக்னீசியம் ஊசி போன்றவை இந்த பலவீனத்தைக் கூட்டிவிடலாம். காய்ச்சல் என்று மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் பழக்கம் இவர்களுக்கு உயிருக்கே வினையாகும். என் மனைவியின் பர்ஸில் நோயின் பெயர், ஆகாத மருந்துகள், டாக்டர் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கும். எந்த நீண்ட கால நோய் உள்ளவர்களும் இப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். லிஃப்ட் பராமரிப்பைக் காலை வேளையில் வைத்துக்கொண்டு, முதல் நாளே தெரிவித்தால் நல்லது. மூன்றாவது மாடி அவளுக்கு மாலையில் மலை. அடுத்து, விருப்பமுள்ளவர்களின் அவசரத் தகவலை மூடிய உறையில் செக்யூரிட்டி அறையில் வைக்கலாம். 108 வரும்போது நான் வெளியே போயிருந்தாலும் அந்த உறை கைக்குக் கிடைக்கும்.

உங்கள் வீட்டிலோ, வீட்டு வேலைக்கு வருபவர்களிலோ யாருக்காவது மாலையானால் இமை தொங்கினால், சோம்பல் என்று சொல்லிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் என் மனைவியிடமே கேட்கலாம். காலை பத்து மணிக்கு முன்னால் வாருங்கள், நன்றாகவே பேசுவாள்.